பூசை போட்ட மிஷினை எவன் தொடுவான்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து ஏலவார்குழலி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயர் ஆயிற்றே, சந்துக்கு ஒருத்தி இருப்பாள். குழாய்க் கம்பெனிக் குழலி வீடு என்று கேளுங்கள், சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்று கை காட்டுவான்.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, துப்பாக்கிக் குழாய். ஏனாத்தூர் தாண்டி, வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்டு நீளமாக நின்றது பாலாறு ஆர்ம்ஸ் என்ற கம்பெனி. போட்டியில் சுடுகிறவர்களுக்கும், பாங்கி வாசலில் நிற்கிற காவல்காரர்களுக்கும் அங்கேதான் துப்பாக்கி செய்தார்கள். துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொன்னால் பெண் எடுக்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று, வேலை செய்தவர்கள் எல்லோரும் அதைக் குழாய்க் கம்பெனி ஆக்கிவிட்டார்கள்.

அங்கே யார் சேர்ந்தாலும் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார். குழலி சேர்ந்தபோதும் வந்தார். தெருவுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா? எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் ஓடிவந்து, "குப்புசாமி, உம் பொண்டாட்டி இன்னாப்பா பண்ணா?" என்று கேட்டாள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த குப்புசாமி மிதியிலிருந்து காலை எடுக்காமலே, "என்னைத்தான் சுட்டுட்டா. இப்ப நெய்துக்கினு இருக்கறது என் ஆவி" என்றான். அப்படிப்பட்ட மனுஷன் அவன். சிரிக்காமல் சொல்லிவிட்டு ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிவான்.

குழலிக்கு அங்கே குழாயை நிமிர்த்துகிற வேலை. இரும்புக் குழாய் எங்கேயாவது வளையுமா என்று கேட்பவர்கள் உண்டு. வளையும். துளை போட்டு, சூடு காட்டி, ஆறவைத்த குழாய் ஒரு மயிரிழை அளவாவது ஏதாவது ஒரு பக்கம் சாயும். வெளியே பார்த்தால் தெரியாது. வடக்குப் பார்த்த ஜன்னலில் ஒரு வெள்ளைக் கண்ணாடி, அதற்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. குழாயை அந்தப் பக்கம் நீட்டி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தால், பட்டையின் நிழல் குழாயின் உள்சுவரில் கோடாக ஓடும். கோடு நேராக ஓடினால் குழாய் நேர். எங்கே நெளிகிறதோ அங்கே வளைவு. அந்த இடத்தை, அழுத்தி நிமிர்த்துகிற பிரஸ்ஸில் வைத்துச் சக்கரத்தைக் கையால் திருக வேண்டும். சில குழாய்க்கு அரைச் சுற்று. சில குழாய்க்கு மூச்சு விடுகிற அளவு. ஒரு பொட்டு கூடினால் மறுபக்கம் போய்விடும், அப்புறம் அது வயல்வேலிக்குத்தான் உதவும்.

அந்தக் கண் அவளுக்குப் பிறந்த வீட்டுத் தறியிலேயே வந்தது. ஆயிரக்கணக்கான இழை ஓடுகிற பாவில் அறுந்த ஒற்றை இழையை வாசலில் நின்றபடியே காட்டிவிடுவாள். பத்தொன்பது வருஷம் அந்த ஜன்னலில் நின்றாள். ஒரு தடவைகூட அவள் துப்பாக்கி சுட்டதில்லை, சுடப் பார்த்ததுமில்லை. சத்தம் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் சேர்ந்த மூன்றாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒளியால் அளக்கிற கருவி ஒன்று வந்தது. ஒரு குழாயை அது நேர் என்றது. குழலி வளைவு என்றாள். அப்போது அங்கே சின்ன இன்ஜினியராக இருந்த திருஞானசம்பந்தம், "வீணா ஏன் வாதாடறீங்க, சுட்டுப் பார்த்துடலாம்" என்றார். பத்துக் குண்டும் இடதுபக்கமாகவே போய் விழுந்தது. அன்றிலிருந்து அவர் இவளைக் குழலியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு மேனேஜர் ஆனார், கார் வாங்கினார், அக்கா மட்டும் மாறவில்லை. ஓரிக்கைக்காரர், பக்கத்து மண். குழலிக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. மகள் இளவரசிக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது தாய்மாமன் இடத்தில் நின்று வரிசைத் தட்டு எடுத்துவந்தவர் அவர்தான். பச்சைப் பட்டு, வளையல், ஐந்து வகைப் பலகாரம். தெரு பார்த்தது. பெற்ற அம்மா வயிற்றில் பிறந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பானா என்று குழலி அன்றைக்கு அழுதாள்.

போன வருஷம் ஆடி மாதத்தில் கம்பெனி வடக்கே போகிறது என்று பேச்சு வந்தது. இரயிலில் ஒன்றரை நாள் போகிற தூரத்தில் ஏதோ ஒரு மாநிலம். அங்கே நிலம் சும்மா தருகிறார்களாம், கரண்ட் பாதி விலையாம், துப்பாக்கிக் கம்பெனி என்றால் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்களாம், ஒரு காகிதத்துக்காகப் பத்து வாசல் ஏறி இறங்க வேண்டாமாம். இங்கே நாற்பது பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் பெண்கள்.

பேச்சு வந்த பத்தாம் நாள், மிஷின் ஒவ்வொன்றின் விலாவிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை.

"இன்சூரன்ஸ்காரங்க எண்ணிட்டுப் போனாங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார் திருஞானசம்பந்தம்.

துப்பாக்கியின் மரக்கட்டையை இழைக்கிற பகுதியில் தேவகி என்று ஒருத்தி உண்டு. அவள் வாய்க்கு அந்த ஷெட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். "எண்ணறதுக்குப் பெயிண்ட் எதுக்கு? பொண்ணு பார்க்க வந்தவன் பொட்டு வச்சிட்டா போவான்? கட்டிக்கினு போறவன்தான் வைப்பான்" என்றாள்.

அன்று சாயங்காலமே கேட்டில் காவல் உட்கார முடிவு செய்தார்கள். பெண்கள் பகலில், ஆண்கள் இரவில், முறை வைத்து. மிஷின் ஏற்ற லாரி வந்தால் குறுக்கே உட்கார்ந்துவிடுவது என்று பேச்சு. இதற்கெல்லாம் முன்னால் நின்றவள் குழலி. அவளுக்குத் துணை ரம்ஜான் பீ. துப்பாக்கி இரும்புக்குக் கறுப்பு ஏற்றுகிற தொட்டியில் வேலை செய்தவள். அவள் நகமெல்லாம் எப்போதும் கறுப்பு. யாராவது கேட்டால், "எங்க வீட்டு மருதாணி அப்படித்தான் சிவக்கும்" என்பாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிற சிநேகம். இரண்டு மாசம் இப்படிக் காவல் நடந்தது, லாரி வரவில்லை.

ஆயுத பூசை வந்தது.

துப்பாக்கிக் கம்பெனியில் ஆயுத பூசை என்றால் சொல்ல வேண்டுமா? மற்ற இடத்தில் பொரி கடலையோடு முடியும், இங்கே வாழைக்கன்று கட்டி, மேளம் வைத்து, கல்யாணம் போல நடக்கும். அந்த வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே திருஞானசம்பந்தம் ஷெட்டுக்குள் வந்து, "இந்த வாட்டி அடிமட்டம் வரைக்கும் சுத்தம் பண்ணணும். தரையில முறுக்கி வச்சிருக்கற போல்ட்டெல்லாம் தளர்த்தி, அடியில இருக்கற எண்ணெய் அழுக்கை எடுங்க. துரு ஏறாம கிரீஸ் பூசுங்க. ஜாமானெல்லாம் துடைச்சு பெட்டியில போட்டு, பேர் எழுதி வையுங்க. சரஸ்வதி சந்தோஷப்படட்டும்" என்றார்.

செய்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்தவர்களே உள்ளே வந்து சுத்தமும் செய்தார்கள். குழலி தன் பிரஸ்ஸை அக்கு அக்காகத் துடைத்தாள். சக்கரத்துக்குத் தேங்காய் நாரால் பாலிஷ் போட்டாள். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தியவர் மெக்கானிக் ராமராஜன். அவருக்கு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவள் குழலி.

பூசையன்று காலையில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாவிலை. பதினோரு மணிக்குப் பூசணிக்காய் உடைத்தாயிற்று. இனி அவரவர் வீட்டில் பூசை. நெசவு வீடுகளில் தறிக்கும் நாடாவுக்கும் பூசை போட வேண்டும். கேட்டில் அன்றைக்கு யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது.

திருஞானசம்பந்தம் குழலியிடம் வந்தார். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. "அக்கா, நல்ல நாள் அதுவுமா கேட்டுல ஆள் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்குது? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்கக்கா. பூசை போட்ட மிஷினை எவன் தொடுவான்? நாளைக்கு விஜயதசமி. நீங்கல்லாம் வந்து மறுபூசை பண்ணி, ஒரு நிமிஷம் ஓட்டினப்புறம்தானே எதையும் அசைக்கலாம்? இது எனக்குத் தெரியாதா?"

குழலி அவரையே பார்த்தாள். "இன்னிக்கும் நாளைக்கும் ஒரு மிஷினும் வெளிய போகாதுன்னு சொல்லுங்க, தம்பி."

"போகாதுக்கா."

"வாயால வேணாம். கற்பூரம் அடிங்க."

அவளுடைய பிரஸ்ஸுக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மேனேஜர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "இன்னிக்கும் நாளைக்கும் ஒண்ணும் போகாது, சத்தியம்" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. ஷெட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

இதற்குமேல் ஒரு மனிதனிடம் என்ன கேட்பது? குழலி வளர்ந்த வீட்டில் பூசை போட்ட நாடாவைக் குழந்தை எடுத்தால்கூடக் கையில் அடி விழும். எலிகூட அதன்மேல் ஓடப் பயப்படும் என்பார்கள். கடன்காரனுக்குப் பயப்படாதவனும் அன்றைக்குக் கருவிக்குப் பயப்படுவான். உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டுக்கு வந்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்தா போதும்" என்றாள்.

"கற்பூரம் அணைச்சா கைதானே சுடும், வாய் சுடுமா?" என்றாள் தேவகி.

"நாக்கை அடக்குடி. அவரு என் பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் செஞ்சவரு."

ரம்ஜான் பீ பையைத் தோளில் மாட்டவில்லை. "எனக்கென்ன பூசையா புனஸ்காரமா? நான் ஒருத்தி உட்கார்ந்துட்டுப் போறேனே. நீங்க போய்ட்டு வாங்க."

"வேணாம் ரம்ஜான். நீ உட்கார்ந்தா சத்தியத்தை நம்பலன்னு ஆயிடும். நான் சொல்றேன் இல்ல?"

"உட்கார்ந்தா இன்னா தேஞ்சா போயிடுவேன்?"

"நான் சொல்றேன், கிளம்பு" என்று குழலி அவள் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். நாற்பது பேரும் போனார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பொரியும் சுண்டலும் கட்டிக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டில் பெரிய பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு காகிதம், உற்பத்தி நிறுத்தப்பட்டது என்று. முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் பாதையோடு பாதையாகத் தேய்ந்து கிடந்தது. அதன் குங்குமம் இரட்டைச் சக்கரத் தடமாக ரோடுவரை போயிருந்தது. கம்பி இடுக்கில் பார்த்தால் ஷெட்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரை மட்டும்தான். மிஷின் நின்ற இடங்களில் சதுரம் சதுரமாக வெளுத்த சிமெண்டு.

எதிரே டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நேத்து மத்தியானம் மூணு மணிக்கு வந்துதுப்பா. ஏழு டிரெய்லர், ரெண்டு கிரேன். ஆளுங்கல்லாம் இந்திக்காரங்க. ரெண்டே மணி நேரம், கழட்டி ரெடியா இருந்தாப்பல சர்சர்ருன்னு ஏத்திட்டாங்க. உங்க சார்தான் நின்னு கை காட்டிக்கினு இருந்தாரு. பூசை நாளாச்சே, எங்கேயோ பூசைக்குத்தான் எடுத்துக்கினு போறாங்கன்னு நினைச்சேன்."

மெக்கானிக் ராமராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாமதான்யா கழட்டிக் குடுத்தோம். கிரீஸ் பூசி, பேர் எழுதி, பெட்டி கட்டிக் குடுத்தோம். பொண்ணுக்குத் தலை வாரி அனுப்பினாப்பல."

ஒவ்வொரு முகமாகக் குழலி பக்கம் திரும்பியது. தேவகிதான் கேட்டாள்: "கற்பூரம் நல்லா எரிஞ்சுதாக்கா?"

குழலி உடனே அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு பேச்சு முளைத்தது. குழலிக்கு வடக்கே வேலை ரெடியாம். அதற்குத்தான் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாளாம். அக்கா தம்பி என்று கொஞ்சினது சும்மாவா? யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் தீபாவளிக்குள் தறிச் சத்தம் போல வீட்டுக்கு வீடு அது கேட்டது. வேலை போனதை அவள் தாங்கினாள். ஒரு வேளை உண்டு, ஒரு வேளை இல்லை என்று பழகிய குடும்பம்தான். இதைத்தான் தாங்க முடியவில்லை. ராஜவீதியில் ரம்ஜான் பீயை எதிரில் பார்த்தாள். ரம்ஜான் பீ நின்றாள், "நல்லா இருக்கிறியா" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். பத்தொன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். குழலி வீட்டுக்கு வந்து அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"போய்ச் சொல்லேன், எனக்குத் தெரியாதுன்னு" என்றான் குப்புசாமி.

"யாரு நம்புவா? அனுப்பினது நான்தானே. அவரு வந்து சொல்லட்டும்."

கார்த்திகை பாதியில் ஷாரோன் வந்தாள். கம்பெனி ஆபீசில் வருகைப் பதிவு பார்த்த சின்னப்பெண். இப்போது ஒரகடம் பக்கம் வேறு வேலையில் இருந்தாள். வடக்கே புதுக் கம்பெனி திறந்த வீடியோ யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். மாலை, நாற்காலி, கைதட்டல். பின்னால் வரிசையாக மிஷின்கள். குழலியின் பிரஸ்ஸில் அவள் வைத்த சந்தனப்பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. அதற்கு எதிரே புதிதாக ஒரு ஜன்னல், வெள்ளைக் கண்ணாடி, கறுப்புப் பட்டை.

"ஜன்னல்கூட வச்சிட்டாங்கக்கா" என்றாள் ஷாரோன். "ஆனா குழாய் ஒண்ணும் தேறலயாம். பார்க்கத் தெரிஞ்ச ஆள் இல்லியாம். உங்களைக் கூப்பிட வருவாங்க, பாருங்க."

நாலாம் நாள் கார் வந்தது. பிள்ளையார்பாளையத்துச் சந்தில் கார் நுழைந்தால் அரை ஊர் பார்க்கும். தேவகி வீடு அடுத்த சந்தில்தான், அவளும் பார்த்தாள். திருஞானசம்பந்தம் கையில் பழத்தோடு இறங்கினார்.

"மூணு மாசம் வந்தா போதும்க்கா. நாலு பேருக்குக் காட்டிக் குடுத்துட்டு வந்துடுங்க. தங்க இடம், சாப்பாடு, எல்லாம் நான் பார்த்துக்கறேன். நானும் சம்பளக்காரன்தானேக்கா. மேல சொன்னா கீழ செய்யணும்."

குழலி பழத்தை வாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கறேன். கற்பூரம் அணைக்கும்போது தெரியுமா, தெரியாதா?"

தறிச் சத்தம் நின்றது. திருஞானசம்பந்தம் முன்னால் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு.

"தெரியும்க்கா."

"சாருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமா, இல்ல கிளம்பறாரா?" என்றான் குப்புசாமி தறிக்குழியிலிருந்து.

குழலி கை காட்டி அவனை நிறுத்தினாள். "எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கேட்டுக்கு வாங்க. எல்லாரையும் நான் வரச் சொல்றேன். குழலியை ஏமாத்தினது நான்தான்னு அவங்க மூஞ்சைப் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் நான் வரதா வேணாமான்னு யோசிக்கறேன்."

"இங்கயே சொல்றேனேக்கா. மாமா இருக்காரு..."

"கேட்டுல."

அவர் நெற்றியைத் துடைத்தார். "சரிக்கா. வரேன்." கையை நீட்டினார், சத்தியம் செய்ய.

"அதெல்லாம் வேணாம். வந்தா போதும்."

கார் போனதும் குப்புசாமி கேட்டான்: "வருவான்னு நம்பறியா?"

"பொய் சொல்றவரா இருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பாரே. தெரியும்னு ஒத்துக்கினாரு இல்ல? மனசுல உறுத்துது அவருக்கு."

குப்புசாமி நாடாவை எறிந்தான்.

இரண்டு நாள் குழலி வீடு வீடாகப் போனாள். ஏனாத்தூர், ஓரிக்கை, சின்னக் காஞ்சிபுரம். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் நிலைப்படியிலேயே கேட்டுக்கொண்டார்கள். ரம்ஜான் பீ கதவைப் பாதி திறந்து, "வருவாரா?" என்றாள். "வருவாரு" என்றாள் குழலி. தேவகி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தாமலே, "உங்க வீட்டுக்கு வந்த கார் எங்களுக்கும் தெரிஞ்சுது. டிக்கெட் குடுத்துட்டுப் போனானா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை வா. வந்து அவரையே கேளு."

"வரேன். வேடிக்கை பார்க்க வரேன்."

வெள்ளிக்கிழமை குழலியோடு சேர்த்து முப்பத்தொரு பேர் வந்தார்கள். மழை விட்ட வெயில். பூட்டின கேட்டுக்கு முன்னால் புல் முளைத்திருந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. தூரத்தில் வெள்ளைக் கார் தெரிந்தபோதெல்லாம் குழலி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ரோட்டுக்குப் போனாள். எல்லாக் கார்களும் நேரே போயின. பதினொன்றுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார், கேட்காமலே.

"டிராஃபிக்கா இருக்கும்" என்றாள் குழலி பதினொன்றரைக்கு.

"ஓரிக்கைலருந்து ஏனாத்தூருக்கு டிராஃபிக்கு" என்றாள் தேவகி.

பன்னிரண்டு. ஒன்று. யாரோ பையை எடுத்தார்கள். அப்போது குழலியின் போனில் ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த ஷாரோனிடம் நீட்டினாள். "படிம்மா. சத்தமாப் படி. லேட்டாகும்னு போட்டிருப்பாரு."

ஷாரோன் முதலில் தனக்குள் படித்தாள். "அக்கா, தனியா..."

"சத்தமாப் படின்னேன்."

"கம்பெனி ஆபீசிலருந்து. உங்க டிரெயின் டிக்கெட் உறுதியாயிடுச்சாம். ஞாயித்துக்கிழமை சென்ட்ரல்ல ஏறணுமாம். மேனேஜர் சார் இன்னிக்குக் காலை ஃப்ளைட்டுல போயிட்டாராம். அங்க ஸ்டேஷன்ல வந்து கூட்டிக்குவாராம்."

முப்பத்தொரு பேருக்கும் கேட்டது. குழலி போனைத் திரும்ப வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் ஏழு மணிக்கே அவர் விமானத்தில் ஏறியிருப்பார். இவள் அந்த நேரத்தில் இவர்களுக்குத் தாகம் எடுக்குமே என்று குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சரிக்கா, வரேன் என்ற குரல் மட்டும் காதில் இருந்தது. தாய்மாமன் குரல்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ரம்ஜான் பீ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அல்லாவே! ஒரே ஆளுகிட்ட ரெண்டு வாட்டி! முதல் வாட்டி கற்பூரம், ரெண்டாவது வாட்டி அதுவும் இல்லாம! அதுக்கு ஊரையெல்லாம் வெத்திலை பாக்கு வச்சாப்பல கூப்பிட்டுக்கினு வந்திருக்கிறா!" அவள் மற்றவர்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "ஏம்ப்பா, பேசி வச்சுக்கினவ இப்படி வெயில்ல வந்து நிப்பாளா? வேலையை வாங்கிக்கினவ டிக்கெட்டை சத்தமாப் படிக்கச் சொல்வாளா? இவ கூட்டாளியில்ல. ஏமாளி. இந்த ஜில்லாவுலயே பெரிய ஏமாளி."

ராமராஜன் மெதுவாகத் தலையாட்டினார். எடுத்த பையைச் சிலர் கீழே வைத்தார்கள்.

இரண்டு மாசமாகக் குழலி இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினாள். அது இப்படி வந்து சேரும் என்று நினைக்கவில்லை. "நீ உட்கார்றேன்னு சொன்னே. நான்தான் விடல" என்றாள் ரம்ஜான் பீயிடம்.

"ஆமா, விடல. அது வேற கணக்கு. அதுக்கு நான் இன்னும் கோவமாத்தான் இருக்கறேன்." ஆனால் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஷாரோன்" என்றாள் குழலி, "பதில் போடு. வரமாட்டேன்னு போடு. ஒரு மணி வரைக்கும் கேட்டுல நின்னோம்னு போடு."

"அவ்வளவுதானாக்கா?"

தேவகி முன்னால் வந்தாள். "அதெப்படி அவ்வளவுதான்? நின்ன முப்பத்தொரு பேர் பேரையும் போடு. வரிசையாப் போடு. படிக்கும்போது ஒவ்வொரு மூஞ்சா ஞாபகம் வரட்டும் அந்த ஆளுக்கு. என் பேரை முதல்ல போடு. குழலி கூப்பிட்டு வந்தேன்னு போடாதே, நானாத்தான் வந்தேன். இனிமே இவ பேச்சைக் கேட்டு நான் ஒரு எட்டு நகர மாட்டேன்."

"கேக்காதே" என்றாள் குழலி. "நானே கேக்கமாட்டேன்."

ஷாரோன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். தேவகி. ரம்ஜான் பீ. ராமராஜன். ஒவ்வொருவராக வந்து குனிந்து தங்கள் பெயரைச் சொன்னார்கள். சிலர் எந்தப் பகுதி, எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள், அவள் அதையும் போட்டாள். அரைமணி ஆயிற்று.

"முப்பது ஆச்சு. அனுப்பிடட்டுமா?" என்றாள்.

"என் பேர்?"

"உங்க போன்தானேக்கா. உங்க பேர் அவருக்குத் தெரியுமே."

"தெரியட்டும். போடு."